மழை இருட்டினால் நெஞ்சு அடிக்கிறதா?

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு வழக்கமான காட்சி உண்டு. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பகல் சோறு உண்டு முடிப்பதற்குள் மலைக்குப் பின்னால் கருக்கல் கூடிவிடும். சப்ரகமுவ மாகாணத்தில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யலாம் என்று ரேடியோ சொல்லும். லயத்தில் சிலர் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள். இன்னும் சிலருக்கு முதல் இடி விழும் முன்பே கை நடுங்கத் தொடங்கிவிடும், வயிறு கலக்கும், பேச்சு வராது.

நீங்கள் அந்த இரண்டாவது வகையா? மழைக்கு இல்லாவிட்டால் குளவிக்கோ, பாம்புக்கோ, ஊசிக்கோ, இருட்டுக்கோ, அலுவலக மேசைக்கு முன்னால் நிற்பதற்கோ அப்படி ஆகிறதா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான் எழுதப்படுகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பயப்படுவது கோழைத்தனமா? இல்லை. பயம் உடம்பு செய்யும் ஒரு வேலை. ஆபத்து என்று மூளை நினைத்த உடனே அட்ரினலின் (அவசர நேரத்தில் இரத்தத்தில் கலக்கும் சுரப்பு) ஊறுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ கை காலுக்கு இரத்தம் வேண்டும், அதனால் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. காற்று வேண்டும், அதனால் மூச்சு வாங்குகிறது. அந்த நேரத்தில் செரிமானம் முக்கியமில்லை, அதனால் வயிறு புரட்டுகிறது. நீங்கள் யோசித்து முடிவெடுக்கும் முன்பே இவ்வளவும் நடந்துவிடுகிறது. ஆகவே “பயப்படாதே” என்று உங்களை யாராவது அதட்டினால் அதனால் பயன் இல்லை.

அப்படியானால் எது சாதாரண பயம், எது கவனிக்க வேண்டிய பயம்? பயம் எவ்வளவு பெரியது என்பதை விட, அது உங்கள் வாழ்க்கையில் எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். பாம்பைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பது சாதாரணம். பாம்பு வரும் என்று நினைத்து ராத்திரி முழுக்கக் கக்கூசுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு படுப்பது அப்படியல்ல. ஆபத்தின் அளவுக்கு மிஞ்சிய பயம், ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிற பயம், வேலையையோ படிப்பையோ உறவையோ கெடுக்கிற பயம், இதற்குத்தான் ஃபோபியா (அளவு மீறி வாழ்க்கையை மறிக்கும் பயம்) என்று பெயர். மனநோய்களிலேயே குணப்படுத்தச் சுலபமானவற்றில் இதுவும் ஒன்று. இது தெரியாமலே பலர் அந்தப் பயத்தைக் காலம் முழுக்கச் சுமக்கிறார்கள்.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பீர்கள். “கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவருக்கு மழை பயம் வந்தால் அது வெறும் பயம். எங்களுக்கு மண் சரிகிறதே?” உண்மைதான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தையும் மண்சரிவையும் சேர்த்துப் பார்த்தது. இதையெல்லாம் கண்ட, கேட்ட ஒருவர் மழைக்குப் பயப்படுவதை நோய் என்று எவரும் சொல்லக் கூடாது.

அதனால் தோட்டத்தில் இருப்பவருக்கு முதல் வேலை பயத்தைப் போக்குவது இல்லை. ஆபத்தையும் பயத்தையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. எப்படிப் பிரிப்பது? மண்சரிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைப் பார்த்துத்தான் எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

இந்த மில்லிமீற்றரை நீங்களே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, நேராக இருக்கும் ஒரு வெற்றுப் பால்மா டின்னை எடுங்கள். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், சாயாமல், கல் அண்டை கொடுத்து வையுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே விட்டுத் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அடிமட்டத்தின் நுனியில் கோடு தொடங்காத சிறு இடைவெளி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். ஒவ்வொரு நாளும் காலையில் அதே நேரத்துக்கு அளந்து கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். இதற்குக் காசு வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

இதனால் பயத்துக்கு என்ன ஆகும்? “மழை பெய்கிறது, என்ன ஆகுமோ” என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பவருக்கு, “இன்று இரண்டு சென்ரிமீற்றர்தான்” என்று ஒரு பதில் கையில் இருக்கும். இரண்டு சென்ரிமீற்றர் மழையில், எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில், கீழே சொல்லும் அடையாளம் ஒன்றும் தென்படாதபோது நீங்கள் படுத்துத் தூங்கலாம்.

மண்சரிவின் அடையாளங்கள் இவை: நிலத்திலோ சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்வது, கதவு திடீரென்று இறுகி மூட முடியாமல் போவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது. இவற்றில் ஒன்றைக் கண்டால் மழை அளவை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். அப்போது வரும் பயம் சரியான பயம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள், கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

இடி மின்னலுக்கும் இதே வழிதான். தகரக் கூரை மின்னலை இழுக்கும் என்று நம் லயங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தகரம் என்பதற்காக மின்னல் தேடி வருவதில்லை. உயரம், தனியாக நிற்பது, திறந்த வெளி, இவைதான் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆகவே மலையில் தனி மரத்தடியில் ஒதுங்குவதை விடக் காம்பராவுக்குள் இருப்பது எவ்வளவோ மேல். உள்ளே இருக்கும்போது இஸ்தோப்பில் நிற்காமல், சுவரில் சாயாமல், குழாய்த் தண்ணீரைத் தொடாமல், டிவி வயரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். மூன்று எண்ணினால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உள்ளேயே இருக்க வேண்டிய நேரம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே போகலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் நெஞ்சு அடித்தால்? அப்போது மிஞ்சியிருப்பது ஆபத்து அல்ல, பயம் மட்டும். அதற்கு வேறு வைத்தியம்.

அந்த வைத்தியத்தைச் சொல்லும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பயம் ஏன் ஆண்டுக்கணக்கில் போகாமல் நிற்கிறது? நாம் விலகி விலகிப் போவதால்தான். நாய் இருக்கும் பாதையை விட்டுச் சுற்றுப் பாதையில் போகிறீர்கள். போன உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை மூளை தவறாக எழுதிக்கொள்கிறது: “விலகியதால்தான் பிழைத்தோம்.” அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே பயம் தொடங்கும். முதலில் அந்த நாய், பிறகு அந்தப் பாதை, பிறகு எல்லா நாயும், கடைசியில் வாசலைத் தாண்டுவதே கஷ்டம். ஒவ்வொரு விலகலும் பயத்துக்குச் சோறு போடுகிறது.

எனவே வழி எதிர்த்திசையில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, நீங்கள் தாங்கும் அளவுக்கு, நெருங்கிப் போவது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு இதைச் செய்து பார்த்தார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, முயலைத் தூரத்தில் வைத்து, நாளாக ஆக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். 1950களில் ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் இதை முறையான சிகிச்சையாக வளர்த்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஃபோபியாவுக்கு முதல் சிகிச்சை இந்த வழியில் வந்ததுதான்.

நம் தோட்டத்தில் இதை எப்படிச் செய்வது? குளவி பயத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கொழுந்து எடுப்பவர்களுக்கு இதை விட நெருங்கிய பயம் இல்லை. ஒரு அக்கா குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறார் என்று வையுங்கள். இப்போது அந்த மலைக்குப் போகவே கால் வரவில்லை. பெரட்டில் அந்த மலையின் பெயர் சொன்னதும் தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடுகிறார். அந்த நாள் பேர் விழாது, சம்பளம் குறைகிறது.

இங்கும் ஆபத்தைப் பிரிப்பதுதான் முதலில். நாம் குளவி என்று சொல்வதில் பல சமயம் பெரிய மலைத் தேனீயும் சேர்கிறது. அது உயர்ந்த மரக் கிளையிலும் பாறையிலும் ஒற்றைத் தட்டாகத் தொங்கும் கூட்டைக் கட்டும். கூடு இருக்கும் மலையில் வேலை செய்யச் சொன்னால் மறுப்பது நியாயம். கூடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கங்காணியிடம் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். முன்பு கொட்டியபோது முகம் வீங்கி, மூச்சுத் திணறி, மயக்கம் வந்தவர் இந்தப் பயிற்சிக்கு முன் வைத்தியரைப் பார்த்தே ஆக வேண்டும். அவருக்கு ஒவ்வாமை (உடம்பு ஏற்காமல் கொதித்தெழுவது) இருக்கலாம், அடுத்த கொட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கூடு இல்லை என்று உறுதியான பிறகு அந்த அக்கா என்ன செய்யலாம்? முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் அன்று நடந்ததை முழுதாகச் சொல்லட்டும். நடுவில் அழுகை வந்தாலும் நிறுத்தாமல் சொல்லி முடிக்கட்டும். இன்னொரு நாள் போனில் தேனீயின் படத்தைப் பார்க்கட்டும், பிறகு அதன் இரைச்சலைக் கேட்கட்டும். அதன்பின் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை, தங்கையோடு ரோட்டில் நின்று அந்த மலையைப் பார்க்கட்டும். அடுத்து மலையின் ஓரம் வரை நடை. அடுத்து கூடையும் படங்கும் கட்டிக்கொண்டு ரோட்டோர நிரையில் மட்டும் கொஞ்ச நேரம் கொழுந்து. பிறகு உள்ளே ஒரு நிரை, இரண்டு நிரை.

ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்தில் எத்தனை என்று மனதுக்குள் புள்ளி போட வேண்டும். முக்கியமான விதி இதுதான்: புள்ளி உச்சியில் இருக்கும்போது திரும்பி ஓடக் கூடாது. எட்டு என்றால் அது நாலாக இறங்கும் வரை அதே இடத்தில் நிற்க வேண்டும். “இறங்காவிட்டால்?” என்று கேட்பீர்கள். இறங்கும். உடம்பு எந்நேரமும் அதே வேகத்தில் அட்ரினலினை ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது. கடும் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியத் தொடங்கும். அந்த இறக்கத்தை நீங்கள் நின்று பார்த்துவிட்டால் மூளை புதிதாக எழுதிக்கொள்ளும்: “விலகவில்லை, ஆனாலும் பிழைத்தோம்.” ஒரே படியை இரண்டு மூன்று நாள் செய்தாலும் குற்றமில்லை. இடையில் ஒரு நாள் பயம் கூடினால் ஒரு படி கீழே இறங்கித் தொடருங்கள். ஆனால் நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவரைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரேயடியாக நடு மலையில் விட்டு “இப்ப என்ன ஆச்சு?” என்று சிரிக்காதீர்கள். பயந்த பிள்ளையின் மேல் அட்டையையோ ஓணானையோ போடுவதும் அப்படித்தான். அடுத்த படி எது, எப்போது என்பதைப் பயப்படுபவரே முடிவு செய்ய வேண்டும். வற்புறுத்தல் பயத்தை இருமடங்காக்கும், நம்பிக்கையையும் உடைக்கும்.

பாம்புக்கு? நாட்டில் பாம்பு வகை ஏறக்குறைய நூறு. நிலத்தில் உயிருக்கு ஆபத்தானவை அவற்றில் சிலதான்: நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன் முதலியன. நம் பக்கத்து இறப்பர், தேயிலைச் சருகுக்குள் அதிகம் கடிப்பது சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்று சொல்லும் சின்ன விரியன். அதன் கடியால் சாவது அரிது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஆகவே எது கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடிவாயைக் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடித்த கை காலை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் டோர்ச்சும் பூட்சும் இல்லாமல் போக வேண்டாம். பாதுகாப்பு இவ்வளவுதான். இதற்கு மேல் வரும் பயத்துக்கு அதே படி முறை: படம், வீடியோ, உரித்த சட்டை, பகலில் புல் வெட்டிய பாதை, பிறகு ராத்திரிப் பாதை.

ஊசிக்கும் இரத்தத்துக்கும் மட்டும் வழி கொஞ்சம் வேறு. மற்ற பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயக்கம் வருவது அரிது. ஊசியைக் கண்டு பயப்படும் பலருக்கு முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். அதுதான் கண் இருட்டி விழக் காரணம். அவர்களிடம் “உடம்பைத் தளர்த்து” என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் விழுவார்கள். அவர்கள் செய்ய வேண்டியது உடம்பை முறுக்குவது. கை முட்டியை மடக்கி, தொடை, வயிறு எல்லாவற்றையும் முகம் சூடேறும் வரை பத்துப் பதினைந்து விநாடி இறுக்குங்கள். அரை நிமிடம் விடுங்கள். இப்படி ஐந்து முறை. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வையுங்கள். “எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்துப் போடுங்கள்” என்று மிஸ்ஸியிடம் முன்பே சொல்லுங்கள். சொல்ல வெட்கப்பட்டு கர்ப்பிணிகள் கிளினிக்கைத் தவிர்க்கிறார்கள், இனிப்பு நோய்க்காரர் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த வெட்கத்தின் விலை மிக அதிகம்.

அலுவலகத்தில், கூட்டத்தில், பஸ்ஸில் பேசப் பயமா? இதில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. சிங்களம் வராது, படிவம் புரியாது, முன்பு யாரோ முகத்தில் அடித்தாற்போலப் பேசினார்கள். அதை உங்கள் மனக்குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நாட்டில் தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சொல்ல வேண்டியதை வீட்டிலேயே நாலு வரி எழுதி எடுத்துப்போங்கள். முதல் முறை துணையோடு, அடுத்த முறை துணை வாசலில், பிறகு தனியாக. கொழும்புக் கடை வேலைக்குப் போய் லிஃப்டில் ஏறப் பயப்படும் தம்பி தங்கைகளுக்கும் இதே வரிசை உதவும்: முதலில் ஒரு மாடி, கூட ஒருவர்.

“பயம் புடிச்சிருச்சு” என்று பூசாரியிடம் கூட்டிப்போகலாமா? திருநீறு போட்டு, கயிறு கட்டினால் மனம் தெம்பாகிறது என்றால் அதை நான் தடுக்க மாட்டேன். கோயிலும் நமக்குத் துணைதான். ஆனால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது எதற்கும் உடன்படாதீர்கள். அது பயந்த ஆளுக்கு இரண்டாவது காயம். கயிறு கையில் இருக்கட்டும், படிகளில் ஏறுவதையும் நிறுத்தாதீர்கள்.

கசிப்பு குடித்தால் பயம் போகும் என்று நினைக்கும் அண்ணன்மாருக்கு: அன்று ராத்திரி மறையும், மறுநாள் நடுக்கம் இன்னும் கூடி வரும். அடுத்தவர் கொடுத்த தூக்க மாத்திரையும் வேண்டாம். சிலவற்றுக்கு உடம்பு அடிமையாகிவிடும்.

பிள்ளைகள்? மூன்று நாலு வயதில் இருட்டு, அந்நியர், சத்தம் எல்லாவற்றுக்கும் பயப்படுவது வளர்ச்சியின் பகுதி, பெரும்பாலும் தானாக மறையும். “பூச்சாண்டி வருவான், டொக்டர் ஊசி போடுவார்” என்று மிரட்டிச் சோறு ஊட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மண்சரிவையோ வெள்ளத்தையோ பார்த்த பிள்ளை திரும்பத் திரும்ப அதையே விளையாடினால், படுக்கையை நனைத்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், சில வாரம் பார்த்தும் குறையாவிட்டால் உதவி தேடுங்கள்.

எங்கே போவது? இரத்தினபுரி போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பலாங்கொடை ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொன்னாலும் எங்கே, எந்த நாள் வர வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். அரச வைத்தியசாலையில் காசு கேட்க மாட்டார்கள். வீட்டில் இருந்தபடியே பேச வேண்டுமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள். படி முறையை ஒன்றிரண்டு மாதம் செய்தும் நகராதவர், தூக்கமே இல்லாதவர், காரணமே இல்லாமல் அடிக்கடி பதற்றம் வருபவர், வாழ வேண்டாம் என்று தோன்றுபவர் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலி கை, தாடைக்குப் பரவி வியர்த்தால் அதைப் பயம் என்று எண்ணி வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

அங்கே என்ன சொல்வது என்று குழப்பமா? ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: எதற்குப் பயம், எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை முறை, வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது, அதனால் எந்த வேலையை விட்டிருக்கிறீர்கள், என்ன மருந்து குடிக்கிறீர்கள். வைத்தியர் மாத்திரை எழுதினால் எவ்வளவு நாளைக்கு என்று கேளுங்கள். பேச்சுச் சிகிச்சை (உரையாடி, பயிற்சி கொடுத்துச் செய்யும் வைத்தியம்) கிடைக்குமா என்றும் கேளுங்கள். அடுத்த கிளினிக் திகதியை அங்கேயே குறித்து வாங்கிக்கொண்டு, அன்றைக்கு வேலைக்கு வராததற்குக் காட்டத் துண்டும் கேட்டு வாங்குங்கள்.